சேங்காய் தட்னி

கிட்ட வந்து உட்காரு தாயி. இன்னும் கொஞ்சம். கோவில்பட்டி போய்ச் சேருகிற வரைக்கும் இந்த பஸ் இப்படித்தான் கடகடவென்று ஆடும். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. முன் சீட்டுக்காரர் காதில் விழ வேண்டாம். உன் பையை என் மடியில் வை. கனமில்லை, வை.

என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தானே கேட்டாய், "என்ன ஆச்சி, உடம்புக்கு முடியலையா" என்று. உடம்பு கல் மாதிரி இருக்கிறது. அறுபத்துமூன்று வயசு, இன்னும் ஒரு மூட்டை பூசணிக்காயை ஒத்தையில் அறுத்துப் போடுவேன். ஒரு வீட்டில் என்னை இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். சொன்னது யார்? நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. செல்வி. என் கூட்டாளி தங்கபுஷ்பத்தின் மகள். "பெரியம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. இனிமே இங்க வர வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு என் செருப்பை எடுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள் தாயி. என் செருப்பை, தெருவைப் பார்க்க.

நியாயமா என்று நீ சொல்லு. முழுசையும் சொல்லுகிறேன், கேட்டுவிட்டுச் சொல்லு.

நாங்கள் கல்யாண மண்டபத்துக்குக் காய் வெட்டப் போகிற ஆட்கள். சமையல் கான்ட்ராக்டர் சுடலைமுத்து அண்ணாச்சி என்று ஒருத்தர், அவர் வேனில்தான் போவோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே போய் இறங்கிவிட வேண்டும். அருவாமனையைப் போட்டு வட்டமாக உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் வெட்டு, வெட்டு, வெட்டு. நான், புஷ்பம், அப்புறம் இசக்கி என்று ஒரு சின்னவள். மூணே பேர். ஆயிரம் இலைக்கு மூணே பேர் வெட்டியிருக்கிறோம்.

புஷ்பத்துக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவள் அஞ்சாம் கிளாஸ், நான் மூணாம் கிளாஸ். ஆனால் அவள் காது இருக்கிறதே, யார் எப்படிப் பேசினாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒருநாள் ஒரு கல்யாண வீட்டுக்காரர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். தேங்காய்ச் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோமா என்று பார்க்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வருவார், கூடையை எட்டிப் பார்ப்பார், போவார். நாலாவது தரம் வந்தபோது புஷ்பம் எழுந்து நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணாச்சி, ஊரே சொல்லுது. நீங்க கெரிய பஞ்சனாம்."

பெரிய கஞ்சன். தலையெழுத்து ரெண்டையும் மாற்றிப் போட்டுவிட்டாள். அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, ரொம்பப் பெரிய மனுஷன் என்று சொல்லுகிறாள் போல என்று நினைத்து, "எல்லாம் உங்க ஆசீர்வாதந்தாம்மா" என்றார். நான் சிரித்த சிரிப்பில் விரலை அறுத்துக்கொண்டேன். இந்தா, இந்த விரல்தான். தழும்பு இருக்கிறது பார்.

அன்றைக்கு ஆரம்பித்தது தாயி. அப்புறம் எங்களுக்கு நேராகப் பேசவே வராமல் போய்விட்டது. தேங்காய் சட்னி என்று யார் சொல்லுவார்? சேங்காய் தட்னிதான். தயிர்வடை என்றால் வயிர்தடை. மோர்க்குழம்பு கோர்முழம்பு. கறிவேப்பிலை வறிகேப்பிலை. முதல் பந்தி முடிந்து ஆட்கள் இடித்துக்கொண்டு வருவார்கள் பார், அதைத்தான் "மொத பந்தி" என்போமில்லையா, அவள் சொல்லுவாள், "ஏட்டி, பொத மந்தி வந்துட்டு." ஆட்கள் வருகிற வரத்தைப் பார்த்தால் மந்தி மாதிரியேதான் இருக்கும். நாங்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொள்ளுவோம்.

என் பெயர் சண்முகக்கனி. அவள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "கண்முகச்சனி! இங்கன வா!" சனியாம். இருபத்திரண்டு வருஷம் என்னைச் சனி என்றுதான் கூப்பிட்டாள். நான் அவளைப் பங்கதுஷ்பம் என்பேன். அதில் என்ன இருக்கிறது, சப்பென்று இருக்கிறது. எனக்கு அவள் மாதிரி வராது. உண்மையைச் சொல்ல என்ன.

இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். அருவாமனையில் உட்கார்ந்ததிலிருந்து கடைசிக் காய் வெட்டி முடிகிற வரைக்கும் யாரும் நேராகப் பேசக்கூடாது. எவள் நேராகப் பேசுகிறாளோ அவள் தோத்தவள். மாற்றிச் சொன்னது எதுவானாலும் பிரித்தால் சொல் வரவேண்டும். வராவிட்டாலும் தோத்தவள். தோத்தவள் சின்ன வெங்காயம் முழுக்க ஒத்தையில் உரிக்க வேண்டும். சாம்பாருக்கு, சொதிக்கு, எல்லாவற்றுக்கும். ஒரு கூடை. நகக்கண்ணெல்லாம் எரியும், மூன்று நாளைக்குச் சோற்றில் கை வைத்தால் வெங்காய வாடை.

உரித்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். எனக்குக் கோபம் வந்துவிடும் தாயி. கோபம் வந்தால் நேராகத்தான் வரும். அவள் வேண்டுமென்றே என்னைக் கிண்டுவாள். என் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை, என் வீட்டுக்காரர் குறட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நான், "ஏ மூதி, வாயை மூடு" என்று நேராகக் கத்திவிடுவேன். இசக்கி கை தட்டுவாள். புஷ்பம் கூடையை என் பக்கம் தள்ளுவாள், காலால், ஒரு தள்ளு. இருபத்திரண்டு வருஷம். ஒருதரம் அவள் தோற்கப் பார்த்தாள், தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? கண்ணை மேலே செருகிக்கொண்டு பொத்தென்று சாய்ந்துவிட்டாள். மண்டபமே ஓடிவந்தது. மாப்பிள்ளையின் மாமா சோடா உடைத்துக் கொடுத்தார். முழுசையும் குடித்துவிட்டு எழுந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நடிப்பு. அப்படிப்பட்டவள். இதை நினைவில் வைத்துக்கொள், நான் அப்புறம் சொல்லுவதற்கு இது முக்கியம்.

அவளுக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், வந்தால் குடி. அவள் அதை நேராகச் சொல்லியதே கிடையாது. ஒரு கல்யாணத்தன்று காலையில் வந்து உட்கார்ந்தவள், "ஏட்டி, வுதுகு மலி" என்றாள். முதுகு வலி. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளும்தான் சிரித்தாள். மத்தியானம் குனிந்து பாத்திரத்தை எடுக்கும்போது ரவிக்கை ஏறியது. முதுகில் பெல்ட்டுத் தடம். "என்னட்டி இது" என்றேன். "காலையிலேயே சொன்னேம்லா" என்றாள். நேராகச் சொன்னால் அழுகை வரும் கனி, திருப்பிச் சொன்னால் சிரிப்புல்லா வருது என்று அவள் வீட்டுக்காரர் செத்து ரொம்ப நாள் கழித்து ஒருதரம் சொன்னாள். ஒரே ஒருதரம்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் தை மாசம். சாத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபம். ரெண்டு மணிக்குப் போய் இறங்கினோம். அன்றைக்கு அவள் வாய் மழை மாதிரி கொட்டியது. மணவறை ஜோடிக்கிற பையன்களைக் கேலி பண்ணினாள். நாதஸ்வரக்காரர் பொட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வந்தார், அவரைக் கேலி பண்ணினாள். பொண்ணோட அத்தை ஒருத்தி வந்து, "கத்தரிக்காயைச் சின்னதா நறுக்குங்கம்மா" என்றதற்கு, "ஆகட்டும், தாமியார் மங்கம்" என்றாள். மாமியார் தங்கமாம். அந்த அம்மா யாருக்கும் மாமியாரே இல்லை. இசக்கி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள்.

மணி மூன்று இருக்கும். காப்பி வந்த நேரம், அதனால் எனக்குத் தெரியும். புஷ்பம் டம்ளரை வாங்கினாள், வைத்தாள், ஏதோ சொன்னாள்.

எனக்குப் புரியவில்லை. "திரும்பச் சொல்லு" என்று ஜாடை காட்டினேன். திரும்பச் சொன்னாள். இசக்கி பிரித்துப் பார்த்தாள், வரவில்லை. நான் முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தேன், வரவில்லை. அந்தச் சொல்லை உனக்குச் சொல்ல மாட்டேன் தாயி. சொன்னால் நீயும் பிரிக்க ஆரம்பிப்பாய். நான் ஒரு வருஷமாகப் பிரித்துக்கொண்டு இருக்கிறேன். பாத்திரம் விளக்கும்போது, கோயிலில் நிற்கும்போது. அது பிரியாது. உள்ளே ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெறும் சத்தம்தானாம். அவருக்கு என்ன தெரியும். அவளுக்குத் தெரியும் இல்லையா, அவள் ஏதோ சொல்லத்தானே சொன்னாள்.

"பிரிச்சுச் சொல்லு" என்று மறுபடி ஜாடை காட்டினேன். அவள் வேறொன்று சொன்னாள். அதுவும் பிரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். இன்னும் அழுத்திச் சொன்னாள். கையிலிருந்த கத்தரிக்காய் உருண்டு போயிற்று.

அப்போதுதான் தாயி, எனக்கு உறைத்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். "அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! புஷ்பம் தோத்துட்டா!" ஜெயித்தபிறகு நேராகப் பேசலாம், அது சட்டம்தான். அண்ணாச்சி லட்டு உருட்டிக்கொண்டு இருந்தவர் அப்படியே ஒன்றை எடுத்து என் வாயில் போட்டார். "இந்தா கனி, இத்தனை வருஷத்துக்குச் சேத்துத் தின்னு" என்றார். சூடு ஆறாத லட்டு. நான் வாயில் லட்டை வைத்துக்கொண்டு வந்து, வெங்காயக் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன். அவள் எனக்குச் செய்கிற மாதிரியே. ஒரு தள்ளு.

அவள் கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

உரிக்க ஆரம்பித்தாள் தாயி. அதைத்தான் நான் செல்விக்கும் சொன்னேன். உடம்புக்கு ஆகவில்லை என்றால் ஒருத்தி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாளா? வலது கையைத் தூக்கவில்லை, இடது கையால் உரித்தாள். வெங்காயத்தைக் கால் கட்டைவிரல் இடுக்கில் வைத்துக்கொண்டு. நான் கேலி என்றே நினைத்தேன். தோத்தவள் வீம்புக்குச் செய்கிறாள், ஒரு கையாலேயே உரித்துக் காட்டுகிறேன் பார் என்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நீ நினைத்திருக்க மாட்டாயா?

இசக்கி சொன்னாள். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். "கனியக்கா, அவுக வாய் ஒரு பக்கமா கோணுது" என்றாள்.

"நடிப்பு" என்றேன். "சோடா வேணும் அவளுக்கு."

"இல்லக்கா, எச்சில் வடியுது."

"ஏளா, நீ வேலையைப் பாரு. இருபத்திரண்டு வருஷம் நான் உரிச்சேனே, ஒருத்தி வந்து என் வாயைப் பாத்தீகளா?"

அவள் அருவாமனைக்குக் குனிந்துகொண்டாள். சின்னவள் இல்லையா. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அதை யாரும் அவளைக் கேட்பதில்லை.

நடுவில் ஒருதரம் புஷ்பம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் வந்து அதையே சொன்னாள், அந்தப் பிரியாத சொல்லை. திரும்பத் திரும்ப. நான் பதிலுக்கு, "வின்ன செங்காயம், வின்ன செங்காயம்" என்றேன். சின்ன வெங்காயம். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் உரித்தால் கொட்டத்தானே செய்யும். எனக்கு இருபத்திரண்டு வருஷம் கொட்டியதே.

பொழுது சாய்ந்தது. சீரியல் பல்பு போட்டார்கள், பச்சையும் சிவப்புமாக. அந்த வெளிச்சத்தில்தான் இசக்கி கத்தினாள். புஷ்பம் உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. அவளுக்கே தெரியாமல். அவள் அப்போதும் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பாத்திரம் ஏற்றுகிற வேனில் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்த வேன் டிரைவரைத்தான் நான் என்றைக்கும் மன்னிக்க மாட்டேன். டீக்கடைக்குப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடிக்க கால் மணி நேரம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டார், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" நான், "இப்பத்தான் சார், வெளக்கு வைக்கையில" என்றேன். நான் பொய் சொல்லவில்லை தாயி, எனக்கு அப்போதுதானே தெரியும். இசக்கி முந்திக்கொண்டு, "இல்ல சார், மூணு மணிக்கு. காப்பி வந்தப்போ" என்றாள். அவளை யார் கேட்டது? டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழே முக்கால். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஒரு ஊசி இருக்கிறதாம்.

கால் மணி நேரம். கணக்குப் போட்டுப் பார். அந்த டீ குடித்த கால் மணி நேரம்தான்.

உயிர் பிழைத்துவிட்டாள். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அந்த வாய், தாயி. செல்வி வந்து தூத்துக்குடிக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்ல பிள்ளை, இல்லை என்று சொல்லவில்லை. கட்டில், காற்று வருகிற ஜன்னல், எல்லாம் செய்து வைத்திருக்கிறாள். வாரம் ரெண்டு நாள் பேச்சு டீச்சர் என்று ஒரு பொண்ணு வரும். படம் போட்ட அட்டையைக் காட்டும். மாட்டுப் படத்தைக் காட்டி, "அம்மா, இது என்ன? மா... மா..." என்னும். மாடாம். யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் பார். "தண்ணி" என்று ஒரு சொல் வருவதற்கு ரெண்டு மாசம் ஆயிற்று. அது வந்த அன்றைக்குச் செல்வி எனக்குப் போன் பண்ணவில்லை, இசக்கி சொல்லித்தான் தெரியும். அப்புறம் "வேணாம்" வந்தது. அப்புறம் "செல்வி" வந்தது. அவ்வளவுதான். மூணே சொல். அந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் மாசம் ஒருதரம் போவேன். கோவில்பட்டியிலிருந்து ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன். போனால் செல்வி என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். காப்பியைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஏன் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியவில்லை. இசக்கிதான் எல்லாவற்றையும் உளறியிருக்கிறாள், மூணு மணி, கூடை, லட்டு. லட்டை எதற்குச் சொல்ல வேண்டும்?

முதல் தடவை போனபோதே நான் புஷ்பத்தின் காதில், "என்னட்டி பங்கதுஷ்பம்" என்றேன். செல்வி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"பெரியம்மா, இந்த வீட்டுல நேராத்தான் பேசணும். டீச்சர் சொல்லிருக்காங்க. ஒவ்வொரு சொல்லா அம்மா புதுசா படிக்காக. நீங்க மாத்தி மாத்திப் பேசுனா எது சரின்னு அவுகளுக்குத் தெரியாது. பயந்துருவாக."

பயந்துவிடுவாளாம். புஷ்பம். என் கூட்டாளியிடம் நான் எப்படிப் பேச வேண்டும் என்று இவள் சொல்லுகிறாள். சரி என்று தலையாட்டினேன். பதினோரு மாசம் நேராகத்தான் பேசினேன் தாயி. "சாப்பிட்டியா புஷ்பம்." "நல்லா இருக்கியா புஷ்பம்." ரெண்டு பேரும் முன்னே பின்னே தெரியாத ஆட்கள் மாதிரி. அவள் ஜன்னலைப் பார்ப்பாள். நான் காப்பியைப் பார்ப்பேன்.

எனக்கு ஒரு யோசனை. சொன்னால் சிரிக்கக்கூடாது. அவள் தலைக்குள்ளே சொல் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. எங்கே போய்விடும்? தலை மாறி வால் மாறிக் கலைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அதை நேராகப் போய் எடுக்க அந்தப் பொண்ணு மாட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. கலைந்து கிடக்கிறதைக் கலைத்துத்தானே எடுக்க வேண்டும்? அந்த வழி எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஒருநாள் அவளோடு ஒரு மணி நேரம் எங்கள் பேச்சைப் பேசினால் போதும், உள்ளே எங்கேயோ ஒரு முடிச்சு அவிழும், அவள் சிரித்துவிடுவாள். எனக்கு அவள் பேச வேண்டும் என்றுகூட இல்லை. சிரித்தால் போதும். என்னைப் பார்த்து ஒருதரம் சிரித்தால், கோபம் இல்லை என்று நான் தெரிந்துகொள்வேன். அதற்குத்தான் தாயி மாசாமாசம் பஸ் ஏறினேன்.

இன்றைக்கு அந்த நேரம் வாய்த்தது. செல்வி வற்றல் காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். "பாத்துக்கிடுங்க பெரியம்மா, பத்து நிமிஷம்" என்றாள். படி ஏறுகிற சத்தம் ஓய்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"சேங்காய் தட்னி."

திரும்பினாள். ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் அப்படி என்னை அவள் பார்த்ததில்லை. கண் விரிந்தது. "வயிர்தடை" என்றேன். "கோர்முழம்பு. வறிகேப்பிலை." அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். ஒத்தைக் கையை ஊன்றி, அவளாகவே. நான் விடுவேனா? ஞாபகம் வந்துவிட்டது, வந்துவிட்டது என்று எனக்கு ஒரே வேகம். வாயில் வந்ததையெல்லாம் மாற்றிப் போட்டேன். பழைய கல்யாண வீடு, பழைய ஆட்கள், கெரிய பஞ்சன், பொத மந்தி, தாமியார் மங்கம், ஒன்றை முடிக்காமல் இன்னொன்று, மழை மாதிரி, அவள் பேசுவாளே அது மாதிரி. நான் அவ்வளவு நன்றாக என்றைக்குமே பேசியதில்லை.

அவள் இடது கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள்.

பிடித்து என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். என் உதட்டு ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். நான் சிரித்தேன். கொஞ்சுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே, "பங்கதுஷ்பம், பங்கதுஷ்பம்" என்றேன். என் வலது கையைத் தூக்கினாள். தூக்கி, விட்டுவிட்டாள். விழுகிறதா என்று பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வருகிறபோதெல்லாம் அவள் கையை அப்படித்தான் தூக்கி விட்டுப் பார்ப்பார். எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. விளையாட்டு என்று நானும் கையைத் தொப்பென்று மடியில் போட்டேன் தாயி. விழுகிற மாதிரி.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"செல்வி!" என்று கத்தினாள். "செல்வி! செல்வி!" மாடிக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள், தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது. கட்டிலிலிருந்து சரிந்து பொத்தென்று தரையில் விழுந்தாள். நான் தூக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். ஒத்தைக் கையாலும் ஒத்தைக் காலாலும் தரையைத் தேய்த்துத் தேய்த்து வாசற்படி வரைக்கும் போனாள். போய், தலையைத் தெருவுக்கு நீட்டி, அந்த டீச்சர் ஒரு வருஷமாகப் படம் காட்டியும் வராத ஒரு சொல்லை, ஒரு எழுத்து பிசகாமல் கத்தினாள்.

"ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!"

"ஏ புஷ்பம், எனக்கு ஒண்ணுமில்லட்டி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நான் நேராகச் சொன்னேன். சத்தியமாக நேராகத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மத்தியான வெயில், தெருவில் ஒரு ஆள் இல்லை. அவள் திரும்பித் தவழ்ந்து என்னிடமே வந்தாள். நல்ல கையைத் தரையில் ஊன்றியிருந்தாள், அதை எடுத்தால் விழுந்துவிடுவாள். அதனால் குனிந்து என் சேலை முந்தியைப் பல்லால் கவ்விக்கொண்டு, என்னை வாசலுக்கு இழுத்தாள்.